கடலை ஆத்தின பொண்ணு

முன்குறிப்பு: தலைப்பைப் பார்த்துட்டு யாரோ யாரோடயோ 'கடலை போட்ட' கதைன்னு நினைச்சு உள்ளே வந்தவங்க மன்னிக்கணும். இது உப்புத்தண்ணி, மீன், கரண்ட் கட் பற்றிய சரித்திரப் பதிவு. கொஞ்சம் நீளம். ஒரு டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க. டீக்கும் இந்தக் கதையில ஒரு வேலை இருக்கு.

2023 டிசம்பர் 4. மிக்ஜாம் புயல். பள்ளிக்கரணையில் இரண்டாவது மாடி வீடு எங்களுடையது. விடியறதுக்கு முன்னாடியே கரண்ட் போச்சு. எட்டிப் பார்த்தா தெருவில் இடுப்பளவு தண்ணி. தண்ணி நிக்கிற இடத்துக்குக் கரண்ட் கொடுக்க மாட்டாங்க, கொடுக்கவும் கூடாது. அது எனக்குப் புரியுது. ஹாலில் இருக்கிற 150 லிட்டர் கடல் தொட்டிக்கு அது புரியாதே!

தொட்டியில் இருந்தது ரெண்டு கோமாளி மீன் (அதாங்க, நீமோ), ஒரு நீல டாம்ஸல், ரெண்டு இறால். பவளம் எங்கேன்னு கேட்பீங்க. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001-ல் கல் பவளங்களைச் சேர்த்தாச்சு. புலிக்கு எந்த அட்டவணையோ அதே அட்டவணை. அதனால நம்ம வீட்டில் வெறும் கல்லும் மீனும்தான். பவளத்தை வெளிநாட்டுக்காரன் வீடியோவில் பார்த்து ஏங்கிக்கறதோட சரி.

இன்வெர்ட்டர் இருந்தது. காலை பதினோரு மணி வரைக்கும். அப்புறம் ரெண்டு தடவை கூவிட்டு அடங்கிருச்சு. பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தி எட்டு மாசம் ஆச்சுங்கறது அப்பதான் ஞாபகம் வந்தது. ஆபீஸில் சர்வருக்கு பேக்கப், அந்த பேக்கப்புக்கு ஒரு பேக்கப்னு பக்கம் பக்கமா எழுதறவன் வீட்டு லட்சணம் இது.

மூணு மணிக்கு மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூட ஆரம்பிச்சது. டாம்ஸல் ஒரு மூலையில் சாய்ஞ்ச மாதிரி நின்னுச்சு. அம்மா எட்டிப் பார்த்தாங்க.

"மூச்சு முட்டுதுடா அதுங்களுக்கு. டீ ஆத்துற மாதிரி தண்ணிய மொண்டு ஆத்தேன்!"

சொன்னதோட நிக்காம உள்ளே போய் பித்தளைச் சொம்போட வந்துட்டாங்க. நான் அலறின அலறலில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துட்டார். பித்தளையில் செம்பு இருக்கு. உப்புத்தண்ணியில் செம்பு துளி கரைஞ்சாலும் இறாலுக்கு விஷம். கடைசியில் பாத்ரூம் பிளாஸ்டிக் மக் கைக்கு வந்தது.

தொட்டியில் கரண்ட் போனா முதல்ல சாகடிப்பது இருட்டு இல்லை. ரெண்டு நாள் விளக்கு எரியலைன்னா ஒண்ணும் குடிமுழுகாது. கடலிலும் நாலு நாள் மேகமூட்டம் வரத்தானே செய்யுது? பசியும் இல்லை. ஒரு வாரம் சாப்பாடு போடலைன்னாலும் பெரும்பாலான மீன்கள் தாங்கும். சாகடிப்பது அசையாத தண்ணி. காற்றில் இருக்கும் ஆக்சிஜன் தண்ணியின் மேல்பரப்பு வழியாத்தான் உள்ளே இறங்கணும். மேல்பரப்பு புரண்டுகிட்டே இருந்தா இறங்கும், படுத்துக்கிட்டா மேலோட நின்னுடும். அதிலும் கடல் தண்ணிக்கு ஒரு சாபம். 28 டிகிரியில் நல்ல தண்ணி லிட்டருக்கு 7.8 மில்லிகிராம் ஆக்சிஜன் வரை பிடிச்சு வெச்சுக்கும். கடல் தண்ணியால் 6.5 அளவுக்குத்தான் முடியும். அதை மீன் மட்டுமா குடிக்குது? கல்லில் ஒட்டியிருக்கும் கோடிக்கணக்கான பாக்டீரியாவும் குடிக்குது. ராத்திரியில் பாசியும் பங்குக்கு வந்துடும்.

அன்னிக்கு ராத்திரி மெழுகுவத்தி வெளிச்சத்தில் மொண்டு ஊத்தி, மொண்டு ஊத்தி, கை மரத்துப் போயிருந்த நேரத்தில்தான் எப்பவோ படிச்ச ஒரு அம்மணியின் கதை ஞாபகம் வந்தது. கொசுவத்தியைச் சுத்திக்குங்க. 1846-க்குப் போறோம்.

அம்மணியின் பெயர் அன்னா தின். வயசு நாற்பது. கணவர் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் பெரிய பதவியில் இருந்த பாதிரியார், பிரபு வீட்டுப் பிள்ளை. இங்கிலாந்தின் தென்கரையில் டார்க்கீ என்ற ஊருக்குக் குடும்பத்தோடு போன இடத்தில், கடலோரப் பாறையில் கிண்ணம் மாதிரி இருக்கும் சின்னக் கல் பவளங்களைப் பார்த்து மயங்கிட்டார். ஒரு ஜாடியில் கடல் தண்ணியை நிரப்பி, அதில் அவற்றைப் போட்டு லண்டனுக்குக் கொண்டு வந்துட்டார். ஜாடிக்குள் உருண்டு அடிபடக் கூடாதுன்னு ஒரு பெரிய கடற்பஞ்சில் ஊசி நூலால் தைச்சு வெச்சாராம். பவளத்தை ஊசி நூல் கொண்டு தைச்ச ஆளை வேற எங்கேயும் நான் கேள்விப்பட்டதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிக் கிண்ணங்களில் மாற்றினார். ஒருநாள் விட்டு ஒருநாள் புதுக் கடல் தண்ணி. ஆனா லண்டன் தெருவில் கடல் ஓடலை. தண்ணி தட்டுப்பாடு வந்தது. அப்ப கண்டுபிடிச்ச வழிதான் நம்ம கதைக்கு முக்கியம். பழைய தண்ணியைத் திறந்த ஜன்னல் பக்கம் வெச்சு, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு மாத்தி மாத்தி ஊத்தச் சொன்னார். அரை மணி, முக்கால் மணி நேரம். டீ ஆத்துற அதே வேலை. கரண்ட் கிடையாது, பம்ப் கிடையாது. உலகத்தின் ஆரம்பகாலக் கடல் தொட்டிகளில் ஒண்ணு இப்படித்தான் மூச்சு விட்டது.

ஊத்தினது அம்மணி இல்லை. வீட்டு வேலைக்கு இருந்த சின்னப் பெண். களைப்பான வேலைதான், ஆனா அவளுக்கு அது பொழுதுபோக்கா இருந்ததுன்னு அன்னா தின் எழுதி வெச்சிருக்கார். அவர் குறிப்புகள் 1859-ல் ஓர் இயற்கை வரலாற்று ஆய்விதழில், பிலிப் ஹென்றி காஸ் என்ற பிரபல இயற்கையாளரின் உதவியோடு அச்சில் வந்தது. அதனால்தான் இன்னைக்கு நமக்கு இது தெரியுது. 2003-ல் ரெபெக்கா ஸ்டாட் இவரைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

மறுநாள் மக்கும் கையுமா உக்காந்திருந்தப்ப அம்மாவுக்கு இந்தக் கதையைச் சொன்னேன்.

"அந்தப் பொண்ணுக்குக் கை வலிக்கலையாமா?"

"அவளுக்கு அது விளையாட்டா இருந்துச்சாம்மா."

"யாரு சொன்னா? ஊத்தினவளா?"

பதில் இல்லை என்னிடம்.

அடுத்த வருஷம், 1847-ல், அன்னா தின் உயிருள்ள கடல்பாசி ஒட்டின கல்லுகளைக் கொண்டு வந்து பவளங்களோட வெச்சார். பகலில் பாசி ஆக்சிஜன் விட்டது. ஊத்துற வேலை குறைஞ்சது. அந்தப் பவளங்கள் ஆண்டுக்கணக்கில் இருந்து, குட்டியும் போட்டதாம். இதே நேரத்தில் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல்காரர் நல்ல தண்ணியில் பொன்மீன், நீர்ச்செடி, நத்தை மூணையும் சேர்த்து வெச்சு, ஒண்ணோட கழிவு இன்னொண்ணுக்கு உணவுன்னு கணக்குப் போட்டு 1850-ல் கட்டுரை வெளியிட்டார். பெயர் அவருக்குப் போச்சு. அன்னா தின்னுக்கே இந்த கதின்னா, ஊத்தின பெண்ணுக்கு?

இதில் ஒரு சூட்சுமம் இருக்கு. ரொம்ப நாள் கழிச்சுத்தான் எனக்கே உறைச்சது. டார்க்கீயில் கிடைச்ச அந்தக் கிண்ணப் பவளம் குளிர்கடல் ஜாதி. நம்ம வெப்பக்கடல் பவளங்களில் பலவற்றின் உடம்புக்குள் நுண்பாசி குடியிருந்து சாப்பாடு சமைச்சுப் போடும். அதுக்கு வெயில் வேணும். இந்தக் குளிர்கடல் பவளத்துக்கு அந்த நுண்பாசி கிடையாது, வெளிச்சம் தேவையில்லை. மேலும் 15 டிகிரித் தண்ணியில் ஆக்சிஜன் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேலேயே நிக்கும். கிண்ணத்தில் இருந்த ஜீவன்களோ சிலதுதான். குளிர்ந்த தண்ணி, குறைஞ்ச கூட்டம், கூடவே ஒரு பெண்ணின் ரெண்டு கை. இது போதுமானதா இருந்தது.

1853-ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் வீடு திறந்தாங்க. 1854-ல் காஸ் எழுதிய புத்தகம் வந்தது. அவ்வளவுதான், ஊர் முழுக்கப் பைத்தியம் பிடிச்சது. ஆளாளுக்கு ஹாலில் கண்ணாடித் தொட்டி. மூச்சு விட வெக்கறது எப்படின்னு தெரியாதவங்க வீட்டில் எல்லாம் நாத்தம். பாறைக் குட்டைகளைச் சுரண்டித் துடைச்சு எடுத்துட்டாங்க, தன் அப்பாவின் புத்தகமும் அதுக்கு ஒரு காரணம்னு காஸின் மகன் எட்மண்ட் 1907-ல் வருத்தப்பட்டு எழுதினார்.

ஆர்வக்கோளாறு அடங்கின பிறகும் விடாமல் இருந்தவர் வில்லியம் ஆல்ஃபர்ட் லாய்ட். மீன் தொட்டி சாமான் கடை வெச்சு திவாலான மனுஷன். ஆனா எனக்கு இந்தச் சரித்திரத்தில் ரொம்பப் பிடிச்ச ஆள் இவர்தான், ஏன்னா முதல் உருப்படியான இன்ஜினியர். 1864-ல் ஹாம்பர்க், 1871-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மீன் காட்சியகங்கள் இவர் கைவண்ணம். காட்சித் தொட்டிகளில் இருப்பதைப் போல பல மடங்கு கடல் தண்ணியைத் தரைக்கு அடியில், இருட்டில், குளிர்ச்சியாகத் தேக்கி வெச்சார். நீராவி இயந்திரம் வெச்சு அதை ராப்பகலா மேலே ஏத்தி இறக்கினார். உலோகம் தண்ணியில் படக் கூடாதுன்னு கெட்டி ரப்பர் குழாய்கள் (பித்தளைச் சொம்பு ஞாபகம் இருக்கா?). அந்த நிலத்தடித் தொட்டிதான் இன்னைக்குக் கடல் தொட்டிக்காரங்க எல்லாரும் கீழே அலமாரியில் ஒளிச்சு வெக்கிற 'சம்ப்'. அதன் அருமை என்னன்னா, ஓட்டம் நின்னாலும் தண்ணி மொத்த அளவு அதிகம், அதனால கெட்டுப் போக நேரம் பிடிக்கும். ஆனா ஆத்துற வேலை பெண்ணின் கையிலிருந்து நிலக்கரிக்குப் போன இடமும் இதுதான்.

நம்ம மெட்ராஸுக்கும் இதில் ஒரு வரி உண்டு. அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் முயற்சியில் 1909-ல் மெரினாவில் கடல்மீன் காட்சியகம் திறந்தாங்க. இந்தியாவில் அதுதான் முதல். 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடுவான்ங்கிற பயத்தில் மூடிட்டாங்க. கரண்ட் போய் மூடலை, கலக்கத்தில் மூடினது. தாத்தா காலத்து ஆளுங்க சொல்லக் கேட்டதோட சரி.

அப்புறம் வீட்டு வீட்டுக்கு மின்சாரம் வந்தது, காற்றுப் பம்பு வந்தது. 1961-ல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் ஓர் அமெரிக்க மீன் பத்திரிகையில் எழுதின கட்டுரை நம்ம துறையில் ஒரு மைல்கல். அவர் முறை சிம்பிள். கடலிலிருந்து உயிரோடு எடுத்த கல், கடல் தண்ணி, ஜன்னல் வெயில், ஒரு குழாயில் மெதுவாக வரும் காற்றுக் குமிழி. அவ்வளவேதான். வேற ஃபில்டர் கிடையாது. கல்லில் இருக்கும் பாக்டீரியாவே கழிவைச் சுத்தம் பண்ணிடும். அன்னா தின் 1847-ல் தட்டுத்தடுமாறிக் கண்டதைத்தான் இவர் வெப்பக்கடலில் செஞ்சு காட்டினார்.

இதைப் பிடிச்சுக்கிட்டு ஜெர்மன்காரங்க மேலே போனாங்க. பெர்லினில் டீட்ரிஷ் ஸ்டூபர், சுவிட்சர்லாந்தில் பீட்டர் வில்கென்ஸ். உயிர்க்கல்லோட கண்ணைப் பறிக்கிற விளக்கு, நுரையாகக் கழிவைப் பிரிக்கிற ஸ்கிம்மர், பலமான நீரோட்டம். இதுக்கு 'பெர்லின் முறை'ன்னே பெயர் வந்துடுச்சு. கடலில் மட்டும்தான் வளரும்னு நினைச்ச கொம்புப் பவளம் வரவேற்பறையில் வளர்ந்தது. ஸ்டூபர் வீட்டுப் பவளத்தின் கிளைகள் உடைஞ்சு கை மாறிக் கை மாறிப் பல தொட்டிகளுக்குப் போச்சு. 1986-ல் ஜார்ஜ் ஸ்மிட்டின் கட்டுரைகள் வந்தபின் அமெரிக்காவிலும் இந்தப் பைத்தியம் பரவிடுச்சு.

நான் வந்து சேர்ற இடம் இதுதான். தொட்டிக்கு உயிர் கொடுத்தது கரண்ட் இல்லை. கரண்ட் இல்லாமலேயே பவளம் குட்டி போட்டாச்சு. கரண்ட் மாத்தினது வேறொண்ணை. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் எத்தனை உயிரைத் திணிக்கலாம்ங்கிற கணக்கை. பம்பு ஓடற வரைக்கும் அந்தக் கணக்கு சரி. நின்ன நிமிஷம், திணிச்ச ஒவ்வொரு உயிரும் மத்த உயிரோட மூச்சைத் தின்ன ஆரம்பிக்குது. தொட்டி எவ்வளவு அழகோ அவ்வளவு சீக்கிரம் சாகும்.

இதை உலகமே பார்த்த இடம் நியூ ஆர்லியன்ஸ். 2005 ஆகஸ்ட் 29, கத்ரீனா புயல். மிசிசிப்பி ஆற்றங்கரையில் 1990-ல் திறந்த பிரம்மாண்டமான மீன் காட்சியகம் 'அக்வேரியம் ஆஃப் தி அமெரிக்காஸ்'. புயலுக்குக் கட்டடம் அசைஞ்சு கொடுக்கலை. வெள்ளமும் அங்கே ஏறலை. கண்ணாடி உடைஞ்சு தொட்டி கொட்டிப் போகவும் இல்லை. ஜெனரேட்டர் ஓடிச்சு. ஊழியர்கள் சிலர் உள்ளேயே தங்கிப் பார்த்துக்கிட்டாங்க. ஆனா ஊர் மூழ்கி, சட்டம் ஒழுங்கு குலைஞ்சு, அவங்களையும் கிளம்பச் சொல்ல வேண்டிய நிலைமை. ஜெனரேட்டர் நின்னு போச்சு. திரும்பி வந்து பார்த்தப்ப, அங்கே இருந்த பத்தாயிரம் அளவிலான மீன்களில் பெரும்பாலானவை செத்துக் கிடந்தன.

பிழைச்சது யாருன்னு பாருங்க. பத்தொன்பது பெங்குவின். ரெண்டு கடல் நீர்நாய். மைதாஸ் என்ற பெரிய பச்சை ஆமை. வெள்ளை முதலை. பறவைகள். முக்கால்வாசிப் பேர் தலையைத் தூக்கிக் காற்றில் மூச்சு விடற ஜாதி! தண்ணிக்குள்ளேயே மூச்சு விடறவங்கதான் போய்ச் சேர்ந்தாங்க. (கடல் டிராகன் மீன்களும் பிழைச்சது, என் தியரிக்கு அது கொஞ்சம் இடிக்குது. இடிக்கட்டும், நடந்ததைச் சொல்லணுமில்லையா.) பெங்குவின்களையும் நீர்நாய்களையும் கலிபோர்னியாவின் மான்டெரே காட்சியகத்துக்குக் கொண்டு போனாங்க. 2006 மே 26-ல் திரும்பவும் திறந்தப்ப, பெங்குவின்கள் வீடு வந்து சேர்ந்திருந்தன.

அந்த ஊழியர்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். எல்லாத்துக்கும் மாற்று ஏற்பாடு பண்ணியிருப்பாங்க. ஆனா மாற்று ஏற்பாட்டுக்குப் பக்கத்தில் ஒரு மனுஷன் நிக்கணும். அவனைக் கிளம்பச் சொன்ன பிறகு அந்த ஏற்பாடு வெறும் இரும்பு. லட்சக்கணக்கான லிட்டரை மக்கால் ஆத்தவும் முடியாது.

குளிர் நாட்டுக்காரங்களுக்கு இன்னொரு எதிரியும் உண்டு. 1998 ஜனவரியில் கனடாவின் கியூபெக் பக்கம் பனிமழை பெய்து மின்கம்பங்கள் சரிஞ்சப்ப, சில இடங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அங்கே வெப்பக்கடல் தொட்டி வெச்சிருந்தா மூச்சு முட்டறதோட, விறைச்சும் சாகும். கேஸ் அடுப்பில் தண்ணி சுட வெச்சு, பாட்டிலில் அடைச்சு, தொட்டியில் மிதக்க விடற வழக்கம் இதுக்காகத்தான். நமக்கு டிசம்பரில் அந்தக் கவலை இல்லை. மே மாசக் கரண்ட் கட் வேற கதை, அது தனிப் பதிவு.

சரி, பள்ளிக்கரணைக்கு வருவோம். அம்மா, அப்பா, நான் மூணு ஷிப்ட். அரை மணிக்கு ஒருதரம் பத்து நிமிஷம். ஒரு முழம் உயரத்திலிருந்து ஊத்தினா குமிழி நல்லா இறங்குதுன்னு அப்பா கண்டுபிடிச்சார். தொட்டி மூடியைக் கழட்டி வெச்சோம். சாப்பாடு போடலை. டிசம்பர் 5 தாண்டிச்சு. 6-ந்தேதி ராத்திரி பதினொன்றரைக்குக் கரண்ட் வந்தது. தெரு முழுக்க விசில். அஞ்சு உயிரும் அப்படியே இருந்தது. மூணு பேரும் கட்டிப் பிடிக்காத குறை.

நான் ஓடிப் போய் எல்லா சுவிட்சையும் போட்டேன்.

அதில் ஒண்ணு கேனிஸ்டர் ஃபில்டர். தொட்டிக்குக் கீழே இருக்கும் மூடின டப்பா. உள்ளே பஞ்சு, பஞ்சு நிறைய பாக்டீரியா. ரெண்டரை நாளா அதுக்குள் ஓட்டம் இல்லை. உள்ளே இருந்த ஆக்சிஜனைத் தின்னு தீர்த்து, செத்து, அழுகி, அழுகின முட்டை நாத்தத்தோட அந்தக் கறுப்புத் தண்ணி அப்படியே தொட்டிக்குள் கொட்டிச்சு. சுவிட்சை அணைக்கறதுக்கு எனக்கு ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். விடிகாலை டாம்ஸல் அடியில் படுத்துக் கிடந்தது. ஒரு இறாலைக் காணோம்.

ரெண்டரை நாள் கை ஒடிய ஆத்தி வெச்சதை, கரண்ட் வந்து ஒரு நிமிஷத்தில் எடுத்துக்கிச்சு. அம்மா ஒண்ணும் சொல்லலை. மக்கை எடுத்துக் கழுவி பாத்ரூமில் வெச்சாங்க.

இப்ப கொளத்தூரில் வாங்கின பேட்டரி காற்றுப் பம்பு ரெண்டு இருக்கு, கரண்ட் போனா தானா ஓடற ஜாதி. பேட்டரி செல் தனி டப்பாவில். கேனிஸ்டர் மேலே சிவப்பு மார்க்கரில் எழுதி ஒட்டியிருக்கேன்: 'கரண்ட் வந்தால் என்னைப் போடாதே, கழுவு.' கோமாளி ரெண்டும் நல்லா இருக்கு. போன மாசம் கல்லு மேல ஆரஞ்சு நிறத்தில் முட்டை போட்டு, ஆண் மீன் ராத்திரியெல்லாம் பக்கத்திலேயே நின்னு துடுப்பால் விசிறிக்கிட்டு இருந்தது. முட்டைக்கும் ஆக்சிஜன் வேணுமே.

டிஸ்கி: இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்ட் வாட்டர் ஊத்தியாச்சு. யாரும் கேட்க வேணாம்.